வீட்டு சேர்வரில் உள்ள பைல்களை பிரவுசரிலேயே பார்க்கவும் ஏற்றவும் என்ன போடலாம்? நெக்ஸ்ட்கிளவுட் கட்டாயமா?

பழைய லெப்டொப்பில் லினக்ஸ் போட்டாயிற்று, வீட்டு ஆட்கள் போனிலிருந்தே பைல்களைப் பார்க்க வேண்டும் என்கிறீர்கள். அதற்கு நெக்ஸ்ட்கிளவுட் என்ற, வீட்டிலேயே சொந்தக் கிளவுட் அமைக்கும் பெரிய மென்பொருள் வேண்டாம். 'பைல் பிரவுசர்' என்று அதே பெயரிலேயே ஒரு சின்ன மென்பொருள் இருக்கிறது. ஹட்டனில் எங்கள் வீட்டில் அதுதான் ஓடுகிறது.

நானும் முதலில் நெக்ஸ்ட்கிளவுட்தான் போட்டேன். லெப்டொப்பில் இருப்பது 2 ஜிபி ரெம். பிஎச்பி, டேட்டாபேஸ் எல்லாம் சேர்ந்து அதற்கு மூச்சு வாங்கியது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பென்டிரைவிலிருந்து நேராக போல்டருக்குள் கொப்பி செய்த படங்கள் அதன் கண்ணில் படவே இல்லை. தனியாக ஸ்கேன் கட்டளை கொடுத்தால்தான் காட்டும். பைல் பிரவுசரில் இந்த வம்பு இல்லை. டிஸ்க்கில் என்ன இருக்கிறதோ அதுதான் திரையில். மென்பொருள் முழுவதுமே கோ என்ற நிரல்மொழியில் எழுதிய ஒரே ஒரு பைல். எந்த போல்டர் என்று சொல்லி ஓடவிட்டால் பிரவுசரில் சேர்வரின் 8080 போர்ட்டில் திறக்கும். நாளைக்கே அதைத் தூக்கிப் போட்டாலும் உங்கள் பைல்கள் இருந்த இடத்தில் இருக்கும்.

பழைய வழிகாட்டிகளில் யூசர், பாஸ்வேர்ட் இரண்டுமே 'அட்மின்' என்று இருக்கும். இப்போதைய பதிப்புகள் முதல் தடவை ஓடும்போது ஒரு பாஸ்வேர்டைத் தானே உருவாக்கி லொக்கில், அதாவது ஓடும்போது டெர்மினலில் எழுதும் குறிப்புகளில், ஒரே ஒருமுறை காட்டும். உடனே எழுதி வையுங்கள். நான் டெர்மினலை மூடிவிட்டு முழித்தேன்.

இனி முக்கியமான விஷயம். இதில் குப்பைத்தொட்டி கிடையாது. பாட்டியின் பிரஜாவுரிமைச் சான்றிதழ், அப்பாவின் ஈபிஎஃப் தாள்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஒரு போல்டரில் வைத்திருந்தேன். அக்கா மகன் போனைத் தட்டிக்கொண்டிருந்தவன், அழிக்கவா என்று கேட்டதற்கும் சரி என்று தட்டிவிட்டான். முழு போல்டரும் போய்விட்டது. நல்லவேளை, பென்டிரைவில் ஒரு கொப்பி இருந்தது. அன்றைக்கே அக்காவுக்குத் தனி யூசர் போட்டு, அவர் போல்டர் மட்டும் தெரியும்படி ஸ்கோப்பை மாற்றி, டிலீட் உரிமையை எடுத்துவிட்டேன். எக்ஸிகியூட் உரிமையை யாருக்குமே கொடுக்காதீர்கள். அது சேர்வரில் கட்டளை ஓட்டவிடும்.

அக்கா இருப்பது கொழும்பில். அதற்காக, வெளியிலிருந்து சேர்வருக்கு வர ரவுட்டரில் போர்ட் திறக்கப் போகாதீர்கள். பைல் பிரவுசரை அப்படியே வெளியே விட்டால் பாஸ்வேர்டுகூடப் பூட்டில்லாத எச்டிடிபி வழியாகத்தான் போகும். இன்னொன்று, ரவுட்டரின் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால், பலர் ஒரே பொது முகவரியைப் பகிர்கிறீர்கள் என்று அர்த்தம். போர்ட் திறந்தாலும் வேலை செய்யாது. சேர்வரிலும் அக்கா போனிலும் டெயில்ஸ்கேல் போட்டேன், அவ்வளவுதான். அது இரண்டையும் பூட்டிய தனி வழியில் இணைக்கும் மென்பொருள்.

பைல் பிரவுசர் இப்போது பராமரிப்பு நிலையில் மட்டும் இருக்கிறது, புது வசதிகளை எதிர்பார்க்க முடியாது. எனக்கு அது குறையாகப் படவில்லை.

அப்புறம், மூடியை மூடினாலும் லெப்டொப் தூங்காதபடி செட்டிங்கை மாற்றிக்கொள்ளுங்கள். பேட்டரி நல்லதாக இருந்தால் தனியாக யூபிஎஸ் வாங்கத் தேவையில்லை. ஐப்பசி இடி தொடங்கியதும் அம்மா ரவுட்டரோடு லெப்டொப் சார்ஜரையும் சேர்த்துப் பிடுங்கிவிடுவார். அதுபாட்டுக்கு பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும்.