வாய்க்குள்ள பேசினா கம்ப்யூட்டருக்கு கேக்குமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி (திண்டுக்கல் காலேஜ் மாணவர்): ஆல்டர்ஈகோன்னு ஒரு வீடியோ பாத்தேன் சார். ஒருத்தர் தாடையில என்னமோ மாட்டிக்கிட்டு வாயே தொறக்காம உக்காந்திருக்காரு, கம்ப்யூட்டர் அவருக்கு பதில் சொல்லுது. நாம மனசுல நெனக்கறத எல்லாம் படிச்சிடுமா இது?

பதில்: இல்ல தம்பி, மனசு வரைக்கும் அது போகவே இல்ல, தாடையோட நின்னுடுது. கட்டவிரல தாடைக்கு கீழ மெத்துனு இருக்கற எடத்துல வச்சுக்கிட்டு சத்தம் போடாம "பழம்"னு சொல்லிப் பாருங்க, ழ வரும்போது விரலுக்கு கீழ ஒண்ணு லேசா நெளியும். அதான் மொத்த விஷயமும். நாக்க அசைக்கற சதைக்கு மூளைலருந்து நரம்பு வழியா ஆர்டர் வருது, வந்த உடனே சதைல குட்டியா கரண்ட் ஓடுது, ஈ.சி.ஜி. எடுக்கறப்ப நெஞ்சுல ஒட்டுவாங்கல்ல அந்த மாதிரி எலக்ட்ரோட மூஞ்சிலயும் கழுத்துலயும் வச்சா அத தோலுக்கு மேல இருந்தே புடிச்சிடலாம். ஈ.எம்.ஜி.ன்னு சொல்றது இதத்தான்.

இது ஒண்ணும் நேத்து மொளச்சதும் இல்ல. 1930கள்லயே சிகாகோல எட்மண்ட் ஜேக்கப்சன்ங்கறவரு, ஆளு மனசுக்குள்ள எண்ணும்போது நாக்கு சதைல சிக்னல் வர்றத அளந்து காட்டிட்டாரு. 2004ல நாசாவோட ஏம்ஸ் ஆராய்ச்சி மையத்துல சக் ஜார்ஜென்சன் டீம் தாடைக்கு கீழயும் குரல்வளைக்கு ரெண்டு பக்கமும் சென்சார் ஒட்டி ஸ்டாப், கோ, லெஃப்ட், ரைட் மாதிரி ஆறு வார்த்தையும் பத்து நம்பரும் கண்டுபுடிச்சாங்க. நீங்க பாத்த ஆல்டர்ஈகோ அமெரிக்காவுல எம்.ஐ.டி. யுனிவர்சிட்டியோட மீடியா லேப்ல 2018ல வந்தது. டெல்லில பொறந்த அர்னவ் கபூரும் அவரோட பேராசிரியை பேட்டி மேஸும் பண்ணது, பதிலும் எலும்பு வழியா காதுக்குள்ள வரும், பக்கத்துல இருக்கறவனுக்கு ஒரு மண்ணும் கேக்காது. பத்து பேர வச்சு டெஸ்ட் பண்ணி 92 சதவீதம் கரெக்டுன்னு சொன்னாங்க, ஆனா அது நம்பர், கூட்டல் கழித்தல்னு கையளவு வார்த்தைக்குள்ள. கையளவு வார்த்தைன்னா மெஷினுக்கு அப்ஜெக்டிவ் டைப் பரீட்சை மாதிரி, எதையும் பேசலாம்னு விட்டாத்தான் வண்டவாளம் தெரியும். அமெரிக்காவுல பெர்க்லி யுனிவர்சிட்டில டேவிட் காடியும் டான் க்ளைனும் 2020ல அப்படி விட்டுப் பாத்தப்போ 100 வார்த்தைக்கு 68 தப்பு, அடுத்த வருஷம் 42க்கு எறக்கினாங்க, அதுவும் ஒரே ஆளோட டேட்டாவ மணிக்கணக்கா சேத்து வச்சு.

நானும் ஆசைப்பட்டு ஒரு சீப்பான மசில் சென்சார் வாங்கி தாடையில மூணு ஸ்டிக்கர் ஒட்டி லேப்டாப்புல கனெக்ட் பண்ணேன். "ஒண்ணு ரெண்டு"ன்னு வாய்க்குள்ள சொன்னா கோடு சும்மா நடுங்குது, எச்சி முழுங்கினா மலை மாதிரி எழும்புது. மத்தியானம் கழட்டிட்டு சாயங்காலம் அரை இன்ச் தள்ளி ஒட்டினேன் பாருங்க, காலைல இருந்த கோடும் இதுவும் ஏதோ ரெண்டு தனி ஆளோடது மாதிரி இருக்கு. பெரிய லேபுக்கும் இந்த தலைவலி உண்டு. தாடி வச்சிருந்தா ஸ்டிக்கரே சரியா ஒட்டாது, அது தனிக் கத.

கேள்வி (பேர் வேணாம்னு சொன்ன ஐ.டி. ஊழியர்): மீட்டிங்ல மேனேஜர மனசுக்குள்ள திட்டினா மெசேஜா போயிடுமா?

பதில்: சும்மா தோணிட்டு போற நெனப்பு போகாது. உதடு நாக்கு வரைக்கும் கொண்டு வந்து முணுமுணுக்கற பழக்கம் இருந்தா மட்டும் ஜாக்கிரத.

கேள்வி (கோவை வாசகர்): ஃபேஸ்புக் கம்பெனி மெட்டா விக்கற ஸ்மார்ட் கண்ணாடியோட கைல ஒரு பட்டை குடுக்கறாங்களே, அதுவும் இதானா?

பதில்: டெக்னிக் ஒண்ணு, எடம் வேற. 2025ல வந்த அந்த பட்டை மணிக்கட்டுல இருந்து விரல் அசைவ படிக்குது. பேச்சுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல, ஆனா கைல ஒரு பட்டைய மாட்டிக்கிட்டு ஆபீஸ் போலாம், மூஞ்சில ஒயரோட போக முடியுமா? மொதல்ல கைப்பட்டை கடைக்கு வந்ததுக்கு அதுவும் ஒரு காரணம்னு நான் நெனக்கறேன்.

கேள்வி (சேலம் வாசகி): அப்பாவுக்கு தொண்டை கேன்சர்ல குரல்வளைய எடுத்துட்டாங்க. சிலேட்டுல எழுதி காட்டறாரு, நமக்கு புரியலன்னா கோவத்துல சிலேட்ட தூக்கி வீசிடறாரு. இந்த கருவி அவருக்கு கிடைக்குமா?

பதில்: அக்கா, இந்த டெக்னாலஜி நெசமா யாருக்கு வேணும்னு கேட்டா உங்க அப்பா மாதிரி ஆளுங்களுக்குத்தான்னு சொல்வேன், வாய தொறக்க சோம்பேறித்தனப்படற நமக்கு இல்ல. அவருக்கு போனது குரல்வளை மட்டும், உதடு நாக்கு தாடை எல்லாம் வேலை செய்யுது, அந்த சதைங்க இன்னும் பேசிக்கிட்டுதான் இருக்கு, சத்தம் மட்டும் வரல. 2017ல அமெரிக்காவுல குரல்வளை எடுத்த எட்டு பேர வச்சு ஒரு ஆய்வு நடந்துச்சு, 2,500 வார்த்தை பட்டியலுக்குள்ள 100க்கு சுமார் பத்துதான் தப்பு. நல்ல நம்பர்தான், ஆனா அது இங்கிலீஷ்ல, லேபுக்குள்ள. மருந்துக்கடைல போய் வாங்கற பொருளா இது இன்னும் வரல, அதனால இதுக்காக காத்திருக்காதீங்க. கழுத்துல அழுத்திப் புடிச்சா அதிர்ந்து சத்தம் குடுக்கற எலக்ட்ரோலாரிங்ஸ்னு ஒரு கருவி இருக்கு, ரோபோ பேசற மாதிரி இருக்கும், ஆனா பேச்சு பேச்சுதான். மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவுல சின்ன வால்வு வச்சும் பேச வைக்கறாங்க, அது எல்லாருக்கும் ஒத்து வராது. ஆபரேஷன் பண்ண ஈ.என்.டி. டாக்டர்ட்டயே ஸ்பீச் தெரபிஸ்ட்டுக்கு ஒரு சீட்டு எழுதிக் குடுக்கச் சொல்லி கேளுங்க. அதுவரைக்கும் போன்ல டைப் பண்ணா தமிழ்ல வாசிச்சு சொல்ற ஆப் போட்டு குடுங்க, போன வீச மாட்டாருன்னு நம்புவோம்.

கேள்வி (தஞ்சாவூர் தமிழாசிரியர்): தமிழுக்கு இது வருமா?

பதில்: ஐயா, இதுல நமக்கு ஒரு லாபமும் ஒரு சிக்கலும் இருக்கு. சத்தமில்லாம பேசும்போது குரல்நாண் அதிராது, p-யையும் b-யையும் பிரிச்சு காட்டறதே அந்த அதிர்வுதான், அதனால இங்கிலீஷ்ல பில்லுன்னா மாத்திரையா (pill), ரசீதா (bill)ன்னு மெஷினுக்கு தெரியாம கொழம்பும். தமிழ்ல "பம்பரம்" எடுத்துக்குங்க, ரெண்டு ப-வும் வேற வேற சத்தம், ஆனா எழுத்து ஒண்ணுதான், எந்த எடத்துல வருதுங்கறத வச்சே சத்தம் முடிவாயிடுது, மெஷின் அத தனியா கண்டுபுடிக்க வேண்டியதில்ல. என்ன, கடன் வாங்கின வார்த்தை வந்தா பழையபடி கொழப்பம்தான். ல ள ழ மூணும் நாக்கு நுனி எங்க போகுதுங்கறதுல இருக்கு, தாடைக்கு கீழ சென்சார் நல்லா ஒக்காந்தா கொஞ்சம் புடிக்கலாம்னு தோணுது. நெஜமான தொல்லை மூக்கொலி. ம சொல்லும்போது மூக்குக்கு வழி விடற அண்ணச்சதை ரொம்ப உள்ள இருக்கு, தோல்மேல ஒட்டற சென்சாருக்கு எட்டறது கஷ்டம். கண்ணாடி முன்னாடி நின்னு சத்தமில்லாம "பாமா"ன்னும் "மாமா"ன்னும் சொல்லிப் பாருங்க, உதடு ரெண்டுக்கும் ஒரே மாதிரிதான் அசையும். பாமாவுக்கு போன் போடுன்னா மாமாவுக்கு ரிங் போகும்.