எந்தப் பக்கத்தில் உங்களுக்குப் பயம் வந்தது?

கேள்வி: கொலீன் ஹூவர் எழுதிய ‘இட் எண்ட்ஸ் வித் அஸ்’ நாவலைச் சிலர் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள். சிலர் தொடவே கூடாது என்கிறார்கள். ஒரு காதல் நாவலைப் பற்றி ஏன் இவ்வளவு எதிரெதிரான கருத்துகள்? நான் படிக்கலாமா?

முடிவைச் சொல்லாமல் இதற்கு நேர்மையாகப் பதில் எழுத வழியில்லை. கதை தெரிந்துவிடக் கூடாது என்று நினைப்பவர்கள் இந்தப் பத்தியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அடிதடியும் பாலியல் வன்முறையும் வரும் கதை என்பதை மட்டும் தெரிந்துகொண்டு போங்கள். அட்டைப்படம் உங்களுக்கு அதைச் சொல்லாது.

இந்த நாவலை நான் இரண்டு முறை படித்தேன். முதல் முறை என் அக்கா கொடுத்துப் படித்தேன். ஒரே மூச்சில் முடித்தேன், அழுதேன், மறுநாளே என் நெருங்கிய தோழியிடம் படிக்கக் கொடுத்தேன். அவள் மூன்றாம் நாள் திருப்பிக் கொண்டுவந்தாள். பாதிகூடப் படித்திருக்கவில்லை. “இதைப் போய் காதல் கதை என்று எப்படி என் கையில் கொடுத்தாய்?” என்று கேட்டபோது அவள் குரல் நடுங்கியது. அவள் ஏன் அப்படிக் கேட்டாள் என்று தெரிந்துகொள்ளத்தான் இரண்டாம் முறை படித்தேன். உங்கள் கேள்விக்கான விடை எனக்கு அப்போதுதான் கிடைத்தது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லிலி ப்ளூம் பாஸ்டன் நகரில் பூக்கடை வைக்கும் இளம்பெண். அவளுடைய அப்பா, அவள் பிறந்து வளர்ந்த சிற்றூரின் மேயர். ஊருக்குப் பெரிய மனிதர், வீட்டுக்குள் மனைவியை அடிப்பவர். அம்மா ஏன் இந்த மனிதரை விட்டுப் போகவில்லை என்ற கோபத்தோடுதான் லிலி வளர்ந்தாள். அப்பாவின் இறுதிச் சடங்கு முடிந்த அன்றிரவு ஒரு மொட்டைமாடியில் ரைல் கின்கெய்டைச் சந்திக்கிறாள். நரம்பியல் அறுவை மருத்துவர், அழகன், பேச்சில் கெட்டிக்காரன். காதல், கல்யாணம். கல்யாணத்துக்கு முன்பே அவன் கை ஓங்கத் தொடங்கிவிடுகிறான். ஒருமுறை, இன்னொருமுறை, மூன்றாவதாக உயிர் பதறவைக்கும் ஓர் இரவு. இதற்கிடையில், பதின்வயதில் வீடில்லாமல் தவித்தபோது லிலி உதவிய அட்லஸ் என்ற பழைய காதலனும் திரும்பி வருகிறான். கடைசியில் லிலிக்குப் பெண் குழந்தை பிறக்கிறது. அந்தக் குழந்தையைக் கையில் ஏந்தி நிற்கும் ரைலிடம், நாளை நம் மகளை ஒருவன் அடித்தால் அவளுக்கு என்ன சொல்வாய் என்று கேட்கிறாள். விவாகரத்து கேட்கிறாள்.

இப்போது சமையலறைக் காட்சிக்கு வருகிறேன். இந்த நாவலைப் பற்றிய சண்டை முழுவதும் அந்தச் சமையலறையில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

இருவரும் மது அருந்தியிருக்கிறார்கள். சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஓவனிலிருந்து பாத்திரத்தை எடுக்கும்போது ரைலுக்குக் கை சுட்டுவிடுகிறது, பாத்திரம் கீழே விழுகிறது. லிலிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அடுத்த நொடி அவன் கை அவள்மீது மோதுகிறது. அவள் கீழே கிடக்கிறாள். உடனே மண்டியிட்டு மன்னிப்புக் கேட்கிறான், துடிக்கிறான், கட்டிக்கொள்கிறான்.

முதல் முறை அந்தப் பக்கத்தைப் படித்தபோது என் மனம் என்ன செய்தது தெரியுமா? அவனுக்காக வாதாடியது. குடித்திருந்தான். கை சுட்டுவிட்டது. அறுவை மருத்துவனுக்குக் கைதானே எல்லாம், அந்தப் பதற்றம் இருக்காதா? அவளும் சிரித்திருக்கக் கூடாது. இத்தனை காரணங்களையும் லிலி சொல்லி முடிப்பதற்கு முன்பே நான் வரிசையாக அடுக்கிவிட்டேன். அதற்கு முந்தைய பத்துப் பன்னிரண்டு அத்தியாயங்களில் ரைலை எனக்கு அவ்வளவு பிடிக்கும்படி ஆசிரியர் செய்திருந்தார். மனைவியை அடிக்கும் ஆணைப் பற்றி நாளிதழில் படிக்கும்போது ஒரு கணம்கூடத் தயங்காமல் சீறுகிறவள் நான். அந்த நான்தான் ஒரு கதாபாத்திரத்துக்காக மன்னிப்புத் தேடிக்கொண்டிருந்தேன். அது புரிந்த கணம் எனக்கு வியர்த்துவிட்டது.

அடிக்கிற கைதான் அணைக்கும் என்று நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. எத்தனை முறை கேட்டிருப்பேன், எத்தனை முறை நானே சொல்லியிருப்பேன்! அணைக்கும் என்பதை ஆறுதலாகவே எடுத்துக்கொள்ளப் பழகியிருந்தேன். அணைக்கிறதே என்பதால்தான் அந்தக் கையை விட்டு விலக முடியாமல் போகிறது என்பதை இந்த நாவல்தான் என் தோலில் உறைக்கும்படி காட்டியது. “ஏன் விட்டுப் போகவில்லை?” என்று அம்மாவைக் குறைசொல்லி வளர்ந்த லிலியே அதே கேள்விக்குள் மாட்டிக்கொள்கிறாள். அவளோடு வாசகரும் மாட்டிக்கொள்கிறார். நாவலைக் கொண்டாடுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் சுற்றிச்சுற்றிச் சொல்வது இதைத்தான்.

இனி என் தோழி. அவள் சிறுமியாக இருந்தபோது அவள் வீட்டில் அடி விழுந்திருக்கிறது. அது எனக்கு ஓரளவு தெரியும். தெரிந்தும் எச்சரிக்காமல் புத்தகத்தைக் கொடுத்தது என் தவறு. அதற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு ஒருநாள் அவளிடம் கேட்டேன்: “ரைலைப் பார்த்து உனக்கு எப்போது பயம் வந்தது? சமையலறையிலா?”

“சமையலறையா? முதல் அத்தியாயத்திலேயே. அந்த நாற்காலி.”

எனக்கு நாற்காலி நினைவுக்கே வரவில்லை. வீட்டுக்குப் போய் எடுத்துப் பார்த்தேன். ரைல் கதைக்குள் நுழைவதே அப்படித்தான். மொட்டைமாடிக்கு வருகிறான், அங்கே கிடக்கும் நாற்காலியை எட்டி எட்டி உதைக்கிறான். லிலி ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். மருத்துவமனையில் ஒரு சிறுவனைக் காப்பாற்ற முடியாமல் போன ஆற்றாமை அது என்று பிறகு தெரியவருகிறது. நான் அதைப் படித்துவிட்டு, எவ்வளவு இளகிய மனம் என்று நினைத்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டியிருக்கிறேன். என் தோழி அதே பக்கத்தில், உள்ளே கதவு சாத்தும் ஓசையை வைத்தே அப்பாவின் மனநிலையைக் கணிக்கக் கற்றுக்கொண்ட ஒரு சிறுமியாக, உறைந்து உட்கார்ந்துவிட்டாள். அதன்பிறகு லிலியின் வீட்டைத் தேடி அவன் கதவு கதவாகத் தட்டிக்கொண்டு வரும் காட்சி எனக்குக் குறும்பாகத் தெரிந்தது. அவளுக்கு அது மறுப்பை ஏற்கத் தெரியாத ஆணின் அடையாளம்.

இந்த நாவலின் உத்தி, நாம் முதலில் ரைலைக் காதலிக்க வேண்டும் என்பதில் நிற்கிறது. நாற்காலியைப் பார்த்தவுடனே பயந்துவிட்டவருக்கு அந்த உத்தி பலிப்பதில்லை. அவருக்குக் கிடைப்பது, என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்தே முந்நூறு பக்கங்களுக்கு மேல் காத்திருக்கும் வேதனை. இதனால்தான் கருத்துகள் இவ்வளவு தூரம் விலகி நிற்கின்றன என்பது என் முடிவு. இதை அக்காவிடம் சொன்னபோது அவள் எழுந்துபோய்த் தன் புத்தகத்தை எடுத்து அந்தப் பத்தியைப் படித்தாள். “இதைத் தாண்டி எப்படிப் போனேன்?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

அதற்காக, வன்முறையை அனுபவித்தவர்கள் எல்லோரும் இந்த நாவலை வெறுக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். தங்கள் கதையை முதன்முறையாக யாரோ சரியாக எழுதியிருக்கிறார்கள் என்று நன்றியோடு பேசும் பெண்களும் இருக்கிறார்கள். எழுதியவரும் அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவர்தான். புத்தகத்தின் கடைசியில் அவர் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார். தனக்கு நினைவு தெரிந்த முதல் காட்சி, இரண்டரை வயதில், அப்பா அம்மாவை நோக்கித் தொலைக்காட்சிப் பெட்டியைத் தூக்கி எறிந்தது என்கிறார். அம்மா பிறகு துணிந்து வெளியேறிவிட்டார்; அந்த அம்மாவுக்காகத்தான் இந்த நாவல். அந்தக் குறிப்பு புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். கடைசியில் வைத்தால் கதையின் திருப்பம் காப்பாற்றப்படும் என்பது உண்மை. என் தோழியைப் போன்றவர்களைக் காப்பாற்றுவதுதான் எனக்கு அதைவிட முக்கியம்.

எதிர்ப்பின் இன்னொரு பாதி, நாவலை விற்ற விதத்தின்மீது வந்தது. அதில் நான் எதிர்ப்பவர்கள் பக்கம்தான். 2016இல் வெளிவந்தபோதே குட்ரீட்ஸ் என்ற புத்தக இணையதளத்தில் வாசகர்கள் நடத்திய வாக்கெடுப்பில் காதல் நாவல் பிரிவில் வென்ற புத்தகம் இது. சில ஆண்டுகள் கழித்து, கடைசி அத்தியாயத்தைப் படித்துவிட்டுக் கண்ணீரும் கம்பலையுமாக இளம்பெண்கள் டிக்டாக்கில் போட்ட காணொளிகளால் விற்பனையில் உச்சிக்குப் போனது. பூப்போட்ட அட்டை, காதல் நாவல் அடுக்கு, உருகும் சிபாரிசுகள். அமெரிக்கக் காதல் நாவலாசிரியர் சங்கம் காதல் நாவலுக்குச் சொல்லும் இலக்கணத்தில் இரண்டே விஷயங்கள்தாம்: கதையின் நடுவில் ஒரு காதல், மனம் நிறைந்து நம்பிக்கை தரும் ஒரு முடிவு. அதை எதிர்பார்த்து வருகிற பதினைந்து வயதுப் பெண்ணுக்கு இந்த நாவல் தருவது வேறு. 2023 ஜனவரியில் இந்த நாவலை வைத்து வண்ணம் தீட்டும் புத்தகம் ஒன்றை வெளியிடப்போவதாக அறிவித்தார்கள். எழுந்த எதிர்ப்பைப் பார்த்து உடனே கைவிட்டார்கள், ஆசிரியரும் வருத்தம் தெரிவித்தார். கைவிட்டது சரி. ஆனால் அப்படி ஒன்று யாருக்கோ தோன்றி, பலர் கையைத் தாண்டி அறிவிப்பு வரை வந்திருக்கிறது என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை. 2024இல் படம் வந்தபோதும், பூவும் புன்னகையுமாக விளம்பரம் செய்கிறார்களே என்ற அதே குறை எழுந்தது.

நடையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எளிமையான, வேகமான நடை. செறிவான மொழியைத் தேடுகிறவர்களுக்கு அலுக்கும். லிலியின் பழைய நாட்குறிப்புகள் ஒரு தொலைக்காட்சித் தொகுப்பாளருக்கு எழுதிய கடிதங்களாக வருகின்றன. பலருக்கு அது செயற்கையாகப் பட்டது, எனக்கும்தான். அந்த நாட்குறிப்புகளில் லிலிக்கு வயது பதினைந்து, அட்லஸுக்குப் பதினெட்டு. அவர்கள் உறவை நாவல் முழுக்க முழுக்கக் கனிவோடு பார்ப்பதும் சிலருக்கு உறுத்துகிறது, அந்த உறுத்தலில் நியாயம் இருக்கிறது.

அட்லஸைப் பற்றி எனக்குத் தனிக் குறை உண்டு. தப்பிக்கிற இரவில் லிலி போய்ச் சேர ஒரு வீடு இருக்கிறது, அங்கே கதவைத் திறக்க நல்லவன் ஒருவன் இருக்கிறான். அவன் இல்லாமல் இருந்திருந்தால்? கையில் பணமும், சொந்தக் கடையும், துணைக்கு அம்மாவும் இல்லாத பெண் எங்கே போவாள்? அந்தக் கேள்விக்குள் நாவல் நுழையவில்லை. லிலியின் துணிச்சல் அவளுடையது மட்டுமாக இருந்திருந்தால் இந்த நாவல் இன்னும் உயர்ந்திருக்கும்.

நீங்கள் படிக்கலாமா என்று கேட்டீர்கள். அடி விழும் வீட்டில் வளராதவராக, “இந்தப் பெண்கள் ஏன் சகித்துக்கொண்டு இருக்கிறார்கள்” என்று ஒருமுறையாவது சலித்துக்கொண்டவராக இருந்தால், அவசியம் படியுங்கள். உங்களுக்காகவே எழுதப்பட்ட நாவல் இது. அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவராகவோ வாழ்ந்தவராகவோ இருந்தால், கடைசியில் இருக்கும் ஆசிரியர் குறிப்பை முதலில் படியுங்கள். அதன்பிறகும் மனம் ஒப்பினால் தொடங்குங்கள். பாதியில் மூடிவைத்தாலும் யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுப்பதாக இருந்தால் முதலில் நீங்கள் படித்து முடியுங்கள்.

சில மாதங்கள் கழித்து என் தோழியே பேச்சைத் தொடங்கினாள். “கடைசியில் அவள் வெளியே வந்துவிடுகிறாளா?”

“வந்துவிடுகிறாள்.”

“குழந்தையோடா?”

“குழந்தையோடுதான்.”

அந்தப் பக்கங்களை மட்டும் படித்துக் காட்டச் சொன்னாள். மருத்துவமனை அறைக் காட்சியை வாசித்தேன். லிலி கேட்கும் கேள்வி வந்தபோது என் கையைப் பற்றிக்கொண்டாள். முடிந்ததும் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “குழந்தையை அவனிடம் தனியாக அனுப்புவாளா?” என்று கேட்டாள்.

அடுத்து வரும் கடைசிப் பகுதியில் லிலி குழந்தையை ரைலிடம் விடுவதற்காகத்தான் தெருவில் நடந்து போய்க்கொண்டிருக்கிறாள். வழியில் அட்லஸைச் சந்திக்கிறாள், கதை இனிமையாக முடிகிறது. வாசகர்களில் ஒரு சாராருக்கு மன்னிக்கவே முடியாத இடமும் அதுதான். நான் இருப்பதை இருந்தபடி சொன்னேன்.

“அப்படியானால் இங்கேயே நிறுத்திவிடு” என்றாள். நான் புத்தகத்தை மூடிவிட்டேன்.