4294967297 பகா எண்ணா?

இல்லை, இது 641 × 6700417 என்று பிரியும். 2-இன் 32-ஆம் அடுக்கோடு 1 கூட்டினால் கிடைக்கும் எண் இது. அந்த அடுக்கை 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போனால் இதே வரிசையில் முன்னால் வரும் 3, 5, 17, 257, 65537 ஐந்தும் பகா எண்கள்தான். அதனால் இதுவும் அப்படித்தான் என்று கணிதவியலாளர் ஃபெர்மா நம்பினார். 1732-இல் இன்னொரு கணிதவியலாளர் ஆய்லர் அதைத் தகர்த்தார்.

நீண்ட வகுத்தல் போடாமலே இதைச் சரிபார்க்கலாம். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அது. 641 = 5×2⁷ + 1. ஆகவே 641-ஆல் வகுக்கையில் 5×2⁷-க்குப் பதில் −1 போடலாம். இரண்டையும் நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால், 5⁴×2²⁸-க்குப் பதில் 1. சரி, அப்புறம் 641 = 5⁴ + 2⁴ என்றும் எழுதலாமே! எனவே 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴ வைத்தால், −2³²-க்குப் பதில் 1. அதாவது 2³² + 1 மீதியின்றி வகுபடுகிறது.

641, 6700417 இரண்டும் பகா எண்கள் என்பதால் இதற்கு மேல் உடையாது.