வியர்ப்பது வேறு, வியர்வை காய்வது வேறு: கேள்வி பதில்

வேலூரில் 42 டிகிரி வெயிலில் நடமாடிவிடுகிறேன். சென்னையில் 36 டிகிரிதான், ஆனால் அங்கே போனால் தாங்க முடியவில்லை. ஏன் சார்?

தெர்மாமீட்டரை மட்டும் பார்த்தால் இது புரியாது. வியர்ப்பதால் உடம்பு குளிர்வதில்லை, வியர்வை காய்வதால்தான் குளிர்கிறது. ஒரு லிட்டர் வியர்வை தோலின் மேலேயே ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தைக் கொண்டுபோகும். சொட்டித் தரையில் விழுந்தால் அந்த ஒரு லிட்டரும் வீண். வீட்டு மண்பானையைப் பாருங்கள். வெளிப்பக்கம் கசிந்த ஈரம் காயக் காயத்தான் உள்ளே தண்ணீர் ஜில்லென்று ஆகிறது. புழுக்கமான நாளில் அதே பானை சுமாராகத்தான் குளிரும்.

கணக்கு இதுதான். தெர்மாமீட்டரின் குமிழில் ஈரத்துணி சுற்றிக் காற்றில் காட்டினால் வருவது ஈரக்குமிழ் வெப்பநிலை. 42 டிகிரி, ஈரப்பதம் 20 சதவீதம் என்றால் அது 24 டிகிரிக்குப் பக்கம். 36 டிகிரி, ஈரப்பதம் 65 சதவீதம் என்றால் 30 டிகிரி. தோலின் வெப்பநிலை வெயில் காலத்தில் சுமார் 35. ஈரக்குமிழ் அளவு அதை எட்டிவிட்டால் நிழலில் சும்மா உட்கார்ந்திருப்பவராலும் வெப்பத்தை வெளியேற்ற முடியாது. இளைஞர்களை வைத்துச் செய்த சோதனைகளில் 31-ஐ ஒட்டியே உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறத் தொடங்கியது. சென்னைப் புழுக்கம் இந்த எல்லைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

அதற்காக வேலூர் வெயிலை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே வியர்வை உடனுக்குடன் காய்ந்துவிடுவதால் எவ்வளவு நீர் போயிற்று என்றே தெரியாது.

கட்டட வேலை செய்கிறேன். ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கணும்? வெறும் தண்ணீர் போதுமா?

செங்கல் சுமக்கும் உடம்பு 300, 400 வாட் வெப்பத்தை உண்டாக்கும். அதை வெளியேற்றவே மணிக்குச் சுமார் அரை லிட்டர் வியர்வை காய வேண்டும். அதோடு வெயிலின் சூடும் சேரும். அதனால் மணிக்கு ஒரு லிட்டர் வியர்ப்பது சாதாரணம்.

உங்கள் அளவை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். வேலைக்கு முன் சிறுநீர் கழித்துவிட்டு, உள்ளாடையோடு எடை பாருங்கள். இரண்டு மணி நேரம் கழித்து, உடம்பைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் பாருங்கள். ஒரு கிலோ குறைந்து, நடுவில் ஒரு லிட்டர் குடித்திருந்தால், போன வியர்வை இரண்டு லிட்டர்.

15, 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் (200 முதல் 250 மி.லி.) என்று பிரித்துக் குடியுங்கள். தாகம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அதே சமயம் மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்டவும் வேண்டாம். சிறுநீரகம் மணிக்கு ஒரு லிட்டர் அளவுதான் வெளியேற்றும். அதற்குமேல் வெறும் தண்ணீரை ஊற்றினால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய்த் தலைவலி, வாந்தி, குழப்பம் வரும். வெயில் மயக்கம் என்று நினைத்து இன்னும் தண்ணீர் கொடுப்பார்கள், அது நிலைமையைக் கெடுக்கும்.

ஒரு லிட்டர் வியர்வையோடு 1 முதல் 3 கிராம் வரை உப்பு போகிறது. காலையில் உப்புப் போட்ட நீராகாரம், பதினொரு மணிக்கு உப்பு மோர், மதியம் சரியான சாப்பாடு என்றிருந்தால் பெரும்பாலும் போதும். இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. நன்றாக வியர்த்தவருக்கு அது மட்டும் போதாது. ஓஆர்எஸ் பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி. உப்பு கூடினால் ஆபத்து, கண்ணளவில் போடாதீர்கள். ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டபிறகே உப்பைக் கூட்டலாம்.

புதுசா வேலைக்கு வந்த பையன் முதல் நாளே சுருண்டு விழுந்துட்டான். கூட இருக்கிறவங்களுக்கு ஒண்ணும் ஆகலியே?

அவர்கள் உடம்பு பழகிவிட்டது. பழகுவதற்கு 7 முதல் 14 நாள் ஆகும். அதற்குள் ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடும், வியர்வை முன்னதாகவே தொடங்கும், அளவும் ஏறும். அதில் உப்பு குறையும், சுரப்பியிலேயே உடம்பு அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. புதியவருக்கு முதல் நாள் வெயில் வேலை ஐந்தில் ஒரு பங்கு, பிறகு தினமும் ஒரு பங்கு கூட்டுங்கள். மேஸ்திரிகள் இதைக் கேட்பதில்லை என்பது எனக்கும் தெரியும். ஊருக்குப் போய் இரண்டு மூன்று வாரம் கழித்து வரும் பழைய ஆளும் பாதிப் புதியவர்தான்.

"உடம்பு சூடு" என்கிறார் அம்மா. தெர்மாமீட்டர் 98.4 தானே காட்டுது?

இரண்டும் சரி. உள்வெப்பத்தை மூளையின் ஹைப்போதாலமஸ் 37 டிகிரி செல்சியஸை (ஃபாரன்ஹீட்டில் சுமார் 98.4) ஒட்டியே பிடித்து வைத்திருக்கும். அம்மா சொல்வது பெரும்பாலும் நீர் குறைந்ததன் அறிகுறிகளை: கடுத்த மஞ்சளில் சிறுநீர், நீர்க்கடுப்பு, வாய் உலர்தல். தண்ணீர் குடித்தும் இரண்டு நாளில் கடுப்பு அடங்காவிட்டால், அல்லது காய்ச்சல் சேர்ந்தால், கிருமித்தொற்றா என்று சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரை. ஃபேன் போட்டால் அனல்தான் வருது. நிறுத்திடலாமா?

அறை வெப்பம் 40-ஐத் தாண்டினால் வெறும் ஃபேன் வேண்டாம். அந்தக் காற்று தோலுக்குச் சூட்டைக் கொண்டுவந்து சேர்க்கும். குறைவாக வியர்க்கும் முதியவர்களுக்கு இது ரொம்பவே மோசம். கை, கழுத்து, முதுகில் ஈரத்துணியால் ஒற்றிவிட்டு ஃபேன் போட்டால் பலன் உண்டு. 40-க்குக் கீழே, புழுக்கத்தில், ஃபேன் நல்லதுதான்.

வெயிலில் விழுந்தவருக்குப் பாராசிட்டமால் கொடுக்கலாமா?

கூடாது. காய்ச்சலில் ஹைப்போதாலமஸ் தன் அளவையே உயர்த்தி வைத்திருக்கும், மாத்திரை அதை இறக்குகிறது. இங்கே அளவு மாறவில்லை, வெப்பம் வெளியேற வழியில்லாமல் தேங்கிவிட்டது. மாத்திரையால் பயனில்லை, வெப்பத்தால் அடிபட்ட கல்லீரலுக்குக் கூடுதல் பாரமும் ஆகும்.

உளறல், தள்ளாட்டம், வலிப்பு, நினைவிழப்பு, இதில் ஒன்று இருந்தாலே வெப்பத்தாக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள். 108-க்கு ஒருவர் பேசட்டும், மற்றவர்கள் நிழலுக்கு மாற்றி, சட்டையைக் கழற்றி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். ஐஸ் கிடைத்தால் துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை குளிர்விப்பதை நிறுத்தாதீர்கள். முதல் அரை மணி நேரம்தான் உயிரைத் தீர்மானிக்கிறது. நினைவில்லாதவர் வாயில் சோடா, தண்ணீர் எதுவும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

அக்குளில் தெர்மாமீட்டர் வைத்து 102 என்று சமாதானம் அடைய வேண்டாம், உள்ளே 104-ஐத் தாண்டியிருக்கலாம். "வியர்க்கிறதே, அப்போ வெப்பத்தாக்கு இல்லை" என்பதும் தவறு. வேலை செய்துகொண்டே விழுந்தவருக்கு வியர்வை கொட்டிக்கொண்டே இருக்கலாம்.

குழந்தைக்கு வேர்க்குரு. பவுடர் போடட்டுமா?

வியர்வைக் குழாய் அடைத்துக்கொண்டதால் வருவது அது. பவுடர் வியர்வையில் குழைந்து இன்னும் அடைக்கும். பச்சைத் தண்ணீரில் துடைத்து, காற்றாட விடுங்கள், மெல்லிய பருத்தித் துணி போதும்.

அப்பாவுக்கு 70 வயசு. வியர்க்கவே மாட்டேங்குது, தாகமும் இல்லை என்கிறார்.

வயதானால் தாகம் மங்கும், வியர்வையும் குறையும். ஆனால் மாத்திரைச் சீட்டையும் பாருங்கள். அடிக்கடி சிறுநீர் வருவதைக் குறைக்கும் ஆக்சிபியூட்டினின், நடுக்கத்துக்குத் தரும் டிரைஹெக்சிஃபெனிடில் போன்றவை வியர்வையை அடக்கும். நீர் பிரியும் மாத்திரை உடம்பு நீரைக் குறைக்கும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கோடைக்கு அளவு மாற்ற வேண்டுமா என்று எழுதிக்கொடுத்த டாக்டரிடமே கேளுங்கள். அதுவரை மதியம் 12 முதல் 3 வரை வெளியே விடாமல், தண்ணீரை நேரம் வைத்துக் கொடுங்கள். இதய நோய்க்குத் தண்ணீர் அளவு குறித்துக் கொடுத்திருந்தால் அந்த அளவை மீற வேண்டாம். அப்போது ஈரத்துண்டும் ஃபேனும்தான் துணை.