மெடிக்ளெய்ம் இருக்கும்போது வண்டிக்கும் விபத்துக் காப்பு எதற்கு?

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. கோத்தகிரியிலிருந்து தினமும் ஸ்கூட்டரில் குன்னூர் போய் வருகிறேன். வண்டி என் கணவர் பெயரில் இருக்கிறது. மகளும் பின்னால் உட்கார்ந்து வருவாள். குடும்பத்துக்கு 5 லட்சத்துக்கு மெடிக்ளெய்ம் எடுத்திருக்கிறோம். ஸ்கூட்டர் இன்ஷூரன்ஸைப் புதுப்பிக்கப் போனால், '15 லட்சம் விபத்துக் காப்பும் சேர்த்துத்தான் போட வேண்டும்' என்கிறார் ஏஜென்ட். கீழே விழுந்தால் மெடிக்ளெய்ம் பார்த்துக்கொள்ளாதா? ஒரே விஷயத்துக்கு எதற்கு இரண்டு இடத்தில் பணம்?
- வாசகி, கோத்தகிரி

பதில்: டீச்சர், கேள்வியைவிட உங்கள் கடிதத்தின் நடுவில் இருக்கும் ஒரு வரிதான் என்னைப் பதற வைத்தது. 'வண்டி என் கணவர் பெயரில் இருக்கிறது.' அதற்கு வருகிறேன். முதலில் கேட்டதற்குப் பதில்.

இரண்டும் ஒரே விஷயம் இல்லை. மெடிக்ளெய்ம் ஆஸ்பத்திரி பில்லுக்கு. ஏஜென்ட் சொல்லும் 15 லட்சம், உயிர் போனால் குடும்பத்துக்கு. இரண்டு கையோ இரண்டு காலோ இரண்டு கண்ணோ போனாலும், இனி எந்த வேலையும் செய்ய முடியாதபடி நிரந்தரமாக முடங்கினாலும் முழுத் தொகை. ஒரு கை, ஒரு கால் அல்லது ஒரு கண் என்றால் பாதி. மற்றபடி மாத்திரை வாங்கக்கூட அதிலிருந்து ஒரு ரூபாய் வராது.

என் மைத்துனர் கதையைச் சொல்கிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால், கட்டபெட்டு தாண்டி சாயங்காலப் பனிமூட்டத்தில் பைக்கில் வந்துகொண்டிருந்தார். தேயிலைத் தோட்டத்திலிருந்து காட்டெருமை ஒன்று ரோட்டுக்கு இறங்கிவிட்டது. பிரேக் பிடித்ததில் வண்டி சறுக்கி, வலது தொடை எலும்பு இரண்டாக முறிந்தது. குன்னூரில் முதலுதவி செய்து, அன்று ராத்திரியே கோயம்புத்தூருக்கு இறக்கினோம். ராடு வைத்து ஆபரேஷன், ஒன்பது நாள் படுக்கை. பில் 2 லட்சத்து 84 ஆயிரம். மெடிக்ளெய்ம் 2 லட்சத்து 31 ஆயிரம் கொடுத்தது. பாலிசியில் இருந்த அறை வாடகை வரம்பைத் தாண்டிய அறை எடுத்ததால், டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் எல்லாவற்றிலும் அதே விகிதத்தில் வெட்டிவிட்டார்கள். மீதியை என் தங்கையின் வளையலை அடகு வைத்துக் கட்டினோம். 15 லட்சம் விபத்துக் காப்பும் அவருக்கு இருந்தது. அதிலிருந்து ஒன்றும் வரவில்லை, வரவும் வராது. எலும்பு முறிவு அந்தப் பட்டியலிலேயே இல்லை. மோதியது இன்னொரு வண்டியாக இருந்திருந்தால் அதன் தேர்ட் பார்ட்டி பாலிசியில் நஷ்ட ஈடு கேட்டிருக்கலாம். காட்டெருமையிடம் யார் கேட்பது? நம் மலையில் பாதி விபத்து இப்படித்தான், எதிரில் ஆளே இருக்க மாட்டார்.

அதனால் மெடிக்ளெய்மை விடாதீர்கள். அதே காரணத்துக்காக 15 லட்சத்தையும் விடாதீர்கள். அன்று அந்த பைக் பள்ளத்துக்குப் போயிருந்தால் மெடிக்ளெய்ம் என் தங்கைக்கு என்ன கொடுத்திருக்கும்? முன்பெல்லாம் இந்தத் தொகை பைக்குக்கு 1 லட்சம், காருக்கு 2 லட்சம்தான். போதவே போதாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன பிறகுதான் 2018-ல் 15 லட்சமாக உயர்த்தினார்கள்.

சரி, இப்போது அந்த வரிக்கு வருகிறேன். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தவன் நான். அதில் மறக்க முடியாத ஒரு காலை உண்டு. ஒரு பெரியவர் பாலிசியை பிளாஸ்டிக் கவரில் சுற்றி, மடக்காமல் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். பைக் அவர் பெயரில். ஓட்டிப் போய் இறந்தது அவருடைய மகன். 'நான் ஒரு வருஷம்கூடத் தவறாமல் கட்டியிருக்கேன் சார்' என்றார். கட்டியிருந்தார்தான். ஆனால் அந்தக் காப்பின் பெயரே உரிமையாளர்-ஓட்டுநர் விபத்துக் காப்பு. ஆர்.சி.யில் யார் பெயரோ, பாலிசியில் யார் பெயரோ, அவர் லைசென்ஸோடு ஓட்டியிருந்தால் மட்டுமே பணம். மகன், மனைவி, நண்பன் ஓட்டினால் கிடையாது. இரவல் வண்டி ஓட்டியவருடைய குடும்பத்துக்கு அந்த வண்டியின் இன்ஷூரன்ஸிலிருந்து தேர்ட் பார்ட்டி நஷ்ட ஈடும் கிடைக்காது என்று 2020-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அந்தப் பெரியவரிடம் இதை விளக்கிச் சொல்ல எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. அவர் கவரைத் திரும்பச் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.

உங்கள் நிலைமையும் அதேதான், டீச்சர். நீங்கள் கட்டப் போகும் பிரீமியம் உங்கள் கணவரைக் காக்கும். தினமும் அந்த வளைவுகளில் ஓட்டும் உங்களை இல்லை. ஒன்று, ஊட்டி ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஆர்.சி.யை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். மாற்றிய 14 நாளுக்குள் பாலிசியையும் மாற்ற எழுதிக் கொடுங்கள். இல்லையென்றால் உங்கள் பெயரில் தனியாக ஒரு தனிநபர் விபத்து பாலிசி எடுங்கள். எந்த வண்டியில் போனாலும், நடந்து போனாலும் அது பொருந்தும். வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் படுத்திருக்கும் வாரங்களுக்குப் பணம் தரும் பிரிவையும் அதில் கேட்டு வாங்கலாம். என் மைத்துனருக்கு அது இருந்திருந்தால் நான்கு மாதம் கடன் வாங்கியிருக்க மாட்டார்.

அப்புறம் உங்கள் மகள். வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி பின்னால் உட்கார்ந்து வருபவருக்குப் பொறுப்பேற்காது என்று 2006-லேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. ஃபுல் இன்ஷூரன்ஸாக எடுங்கள். அதில் பின்னால் இருப்பவருக்கும் விபத்துக் காப்பு சேர்க்கச் சொல்லுங்கள், சின்னத் தொகைதான்.

கேள்வி: ஒரு கார், ஒரு ஜீப், ஒரு பைக், மூன்றும் என் பெயரில்தான். மூன்றுக்கும் இந்த 15 லட்சக் காப்பைத் தனித்தனியாகக் கட்டச் சொல்கிறார்களே?
- வாசகர், கூடலூர்

பதில்: வேண்டாம். 2019 ஜனவரியிலிருந்து இதைத் தனி பாலிசியாகவே எடுக்கலாம். உங்கள் பெயரில் உள்ள எல்லா வண்டிக்கும் அது ஒன்றே போதும். 15 லட்சத்துக்குக் குறையாமல் மரணம், நிரந்தர ஊனம் இரண்டுக்கும் வேறு விபத்து பாலிசி இருந்தாலும் சரி. அதன் நகலைக் கொடுத்து, 'என்னிடம் இருக்கிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். மெடிக்ளெய்ம் நகலைக் கொடுத்தால் ஏற்க மாட்டார்கள்.