மறதியும் மறக்க முடியாததும்: வாசகர் கேள்விகள், மருத்துவப் பதில்கள்

அப்பாவுக்கு 71 வயது. ஆறேழு மாதமாகக் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார். உடனே மூளை ஸ்கேன் எடுக்க வேண்டுமா? வயதானால் சகஜம்தான் என்கிறார்களே?
– வாசகி, மதுரை

சகஜம் என்று விட்டுவிடாதீர்கள். பெயர் சட்டென்று வராமல், கொஞ்ச நேரம் கழித்து வருவது முதுமை. காலையில் கல்யாணத்துக்குப் போய்வந்ததே மாலையில் நினைவில்லை, எடுத்துச் சொன்னாலும் பிடிபடவில்லை, பழகிய தெருவில் வழி தடுமாறுகிறது என்றால் அது நோய். ஸ்கேனுக்கு முன்னால் டாக்டர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இது எவ்வளவு வேகமாக வந்தது?

ஓரிரு நாளில் வந்த குழப்பம் பெரும்பாலும் டிமென்ஷியா எனப்படும் மறதிநோய் அல்ல. சிறுநீர்த் தொற்று, நிமோனியா, ரத்தத்தில் சோடியம் இறங்கியது போன்றவை காரணமாக இருக்கும். நீர் பிரியச் செய்யும் பி.பி. மாத்திரை சாப்பிடுவோருக்குச் சோடியம் குறைவது அடிக்கடி நடக்கிறது. சில வாரங்களில் வந்திருந்தால், கீழே விழுந்தாரா என்று யோசியுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர் லேசாகத் தலையை இடித்துக்கொண்டாலே போதும், மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே மெல்ல மெல்ல ரத்தம் சேரும். சாதாரண சி.டி. ஸ்கேனில் தெரிந்துவிடும். அறுவை சிகிச்சையில் பலரும் தேறிவிடுகிறார்கள்.

உங்கள் அப்பாவைப் போல மாதக்கணக்கில் வந்ததென்றால் பி12, தைராய்டு, சோடியம், சர்க்கரை, சிறுநீரகம், கல்லீரல் பரிசோதனைகளும் ஒரு ஸ்கேனும் கட்டாயம். நீண்ட காலம் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், வயிற்று அமிலத்துக்குப் பான்டபிரசோல் சாப்பிடுவோருக்கும் சைவ உணவுக்காரருக்கும் பி12 குறைய வாய்ப்பு அதிகம். ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது என்பதால் பி12-உம் சரியென்று ஆகாது. பி12 குறைந்தவருக்கு வெறும் ஃபோலிக் ஆசிட் கொடுத்தால் ரத்தசோகை சரியானது போல் தோன்றும், நரம்புச் சேதமோ தொடரும்.

டாக்டரிடம் போகும்போது வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், கடையில் தானாக வாங்கிய சளி மாத்திரை உட்பட. சளி மாத்திரையில் உள்ள குளோர்பெனிரமின், மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் தரும் அமிட்ரிப்டிலின், சிறுநீர் அடக்க முடியாமைக்குத் தரும் ஆக்ஸிபியூட்டினின், கை நடுக்கத்துக்குத் தரும் ட்ரைஹெக்ஸிஃபெனிடில் ஆகிய நான்குமே நினைவாற்றலைக் கெடுக்கக்கூடியவை. மறதியோடு, கால் தரையில் ஒட்டிக்கொண்டது போன்ற நடையும் சிறுநீர் கசிவும் சேர்ந்திருந்தால் மூளை அறைகளில் நீர் தேங்கியிருக்கலாம். முதுகுத்தண்டிலிருந்து 30 முதல் 50 மி.லி. நீரை எடுத்து, முன்னும் பின்னும் நடையை ஒப்பிட்டுப் பார்த்தால் அறுவை சிகிச்சை பலன் தருமா என்று ஓரளவு தெரியும்.

அல்ஸைமரை 27 சதவீதம் குறைக்கும் ஊசி அமெரிக்காவில் வந்திருக்கிறதாமே! அம்மாவுக்கு வரவழைக்கலாமா? அவருக்கு இப்போது எங்கள் பெயர்களே நினைவில்லை.
– வாசகர், கோவை

நீங்கள் சொல்வது லெகானிமாப், டிமென்ஷியாவில் பரவலான வகையான அல்ஸைமருக்கான மருந்து. 2023 ஜூலையில் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்றது. அந்த 27 சதவீதத்தின் பின்னணி இது: 1,795 பேரை 18 மாதம் ஆராய்ந்தார்கள். மருந்து பெற்றவர்கள், பெறாதவர்கள் இரு தரப்புக்கும் நிலை மோசமாகிக்கொண்டேதான் போனது. மருந்து பெற்றோருக்குச் சற்று மெதுவாக. நோயின் தீவிரத்தை அளக்கும் 18 புள்ளி அளவுகோலில் இருவருக்கும் இடையே வித்தியாசம் 0.45 புள்ளி. போன நினைவு யாருக்கும் திரும்பவில்லை.

தொடக்கத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரத்தக்குழாய் வழியே ஏற்ற வேண்டும். மருந்து பெற்றவர்களில் 12.6 சதவீதம் பேருக்கு மூளையில் வீக்கம் தெரிந்தது, மற்றவர்களில் 1.7 சதவீதம். அதனால்தான் ஆரம்ப மாதங்களில் பலமுறை எம்.ஆர்.ஐ. எடுக்கிறார்கள். அல்ஸைமர் வாய்ப்பைக் கூட்டும் ஏபிஓஇ4 மரபணு இரு பிரதி உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். மிக ஆரம்ப நிலையில், மூளையில் அமிலாய்டு என்ற புரதம் படிந்திருப்பது பரிசோதனையில் உறுதியானவர்களுக்கு மட்டுமே இந்த மருந்து. உங்கள் அம்மா அந்தக் கட்டத்தைக் கடந்துவிட்டார். அந்தப் பணத்தைப் பகலில் உதவிக்கு ஒரு நல்ல ஆளை வைக்கச் செலவிடுங்கள்.

மாமாவுக்கு டோனெபெசில் 5 மி.கி. தொடங்கி ஒரு மாதம் ஆகிறது. முன்னேற்றம் இல்லை. நிறுத்திவிடலாமா?
– வாசகி, திருச்சி

அவசரப்படாதீர்கள். டோனெபெசில் மறதிநோய்க்கான மாத்திரை. நான்கு முதல் ஆறு வாரம் கழித்துத்தான் 10 மி.கி.க்கு ஏற்றுவார்கள். பலனை எடைபோட மூன்று மாதமாவது வேண்டும். இருக்கும் நிலை மோசமாகாமல் நின்றாலே மருந்து வேலை செய்கிறது என்று பொருள். குமட்டலும் வயிற்றுப்போக்கும் அளவை வேகமாகக் கூட்டும்போது வரும். கெட்ட கனவு வந்தால் இரவு மாத்திரையைக் காலைக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். தலைசுற்றல், மயக்கம், நாடித்துடிப்பு 50-க்குக் கீழே இறங்குவது ஆகியவற்றைக் கண்டால் அன்றே டாக்டரைப் பார்த்து ஈ.சி.ஜி. எடுங்கள்.

அம்மாவுக்கு 82 வயது, மறதிநோய் வந்து மூன்று வருசம். யூலை முதலாம் திகதி, கனடா தினத்திலை, வாணவேடிக்கைச் சத்தம் கேட்டதும் "செல் அடிக்கிறாங்கள், பங்கருக்கை இறங்குங்கோ" எண்டு கட்டிலுக்குக் கீழே போயிட்டா. முந்தி ஊரிலை நடந்த யுத்தத்தைப் பற்றி ஒரு நாளும் கதைச்சதில்லை. திருத்திச் சொன்னால் அழுகிறா. என்ன செய்யலாம்?
– வாசகர், ஸ்காபரோ, கனடா

அல்ஸைமர் முதலில் தாக்கும் இடங்களில் ஒன்று ஹிப்போகாம்பஸ். இது எங்கே, எப்போது நடந்தது என்று நினைவுக்கு இடமும் காலமும் தருவது அதுதான். பயத்தை எழுப்புவது அமிக்டலா. அந்தப் பயத்தை "அது அப்போது, இது இப்போது" என்று அடக்கிவைப்பது நெற்றிப்பகுதி மூளை. இத்தனை வருடம் அம்மா பேசாமலிருந்தது மறந்ததால் அல்ல, அடக்கிவைத்திருந்ததால். அடக்கும் பகுதி தளர்ந்துவிட்டது, பயம் அப்படியே இருக்கிறது. அவருக்கு அது பழைய ஞாபகமாக வருவதில்லை, இந்த நிமிடத்தில் நடப்பதாகவே வருகிறது. ஆகவே "யுத்தம் முடிஞ்சுது" என்று வாதாடுவதால் பயன் இல்லை. "வாங்கோ ஓடுவம்" என்று கூடச் சேர்ந்துகொள்வதும் பயத்தை உறுதிப்படுத்தும்.

விளக்கைப் போடுங்கள். அவர் கண் மட்டத்துக்கு இறங்கி உட்காருங்கள். "பெரிய சத்தம், பயமாத்தான் இருக்கும். நான் பக்கத்திலை இருக்கிறன்" என்று மெதுவாகச் சொல்லுங்கள். வெளியே இழுக்காதீர்கள். கையை நீட்டினால் அவராகப் பிடிப்பார். வாணவேடிக்கை எந்த நாளில் என்பது முன்பே தெரியும் அல்லவா? பொழுது சாயும் முன்பே சன்னல்களைச் சாத்தி, கனத்த திரை போட்டு, அவருக்குப் பழகிய தேவாரத்தையோ பாட்டையோ ஓட விடுங்கள்.

சத்தம் மட்டுமே பயத்தைக் கிளப்பும் என்று நினைக்க வேண்டாம். சீருடை, டார்ச் வெளிச்சம், பின்னால் வந்து தொடுவது, ஆடை களைவது எல்லாமே கிளப்பலாம். குளிக்க மறுப்பவர்களில் சிலருக்குக் காரணம் இதுவாக இருக்கும். பராமரிப்புக்கு வருபவர்களிடம் இவற்றை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். ஒரு வாரம் நேரத்தோடு குறிப்பு எடுங்கள். மலச்சிக்கலும் வலியும்கூட இரவு அலறலாக வெளிப்படும்.

மருந்து கடைசி வழி. மனக்குழப்பத்துக்குத் தரும் ஆன்டிசைகோடிக் மருந்துகள் டிமென்ஷியா உள்ள முதியோரில் இறப்பைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்து ஆணையம் 2005-இலேயே எச்சரித்தது. லூயி பாடி வகை டிமென்ஷியா என்றால் அவற்றில் ஒன்றான ஹாலோபெரிடால் உடலை இறுக்கி ஆளை முடக்கிவிடலாம். நடந்ததைப் பேசவைக்கும் சிகிச்சை இந்தக் கட்டத்தில் வேண்டாம். அது பலிக்க மூளை புதிதாகக் கற்க வேண்டும்.

மறதிநோய்க்கும், கொடிய சம்பவத்தின் பயம் நீங்காமல் தொடரும் மனக்காய நோய்க்கும் (பி.டி.எஸ்.டி.) தொடர்பு இருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் 1,81,093 பேரைப் பின்தொடர்ந்து 2010-இல் வெளியான ஆய்வில், மனக்காய நோய் உள்ளவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏழாண்டில் டிமென்ஷியா வந்தது. இல்லாதவர்களில் 6.6 சதவீதம். எது எதற்குக் காரணம் என்பதை அந்த ஆய்வு நிறுவவில்லை.

தம்பி ஓட்டிய லாரியில் விபத்து நடந்து ஒன்பது மாதம் ஆகிறது. இரவில் அலறி எழுகிறான், ஸ்டியரிங்கைத் தொட மாட்டேன் என்கிறான். தூக்கத்துக்கு அல்பிரசோலம் ஓடுகிறது. கெட்ட நினைவை அழிக்கும் மாத்திரை உண்டா?
– வாசகர், சேலம்

அழிக்கும் மாத்திரை இல்லை. அந்த ஆசை எங்கிருந்து வந்தது என்றால், 2000-இல் மூளை ஆய்வாளர்கள் கரீம் நாடர், ஜோசப் லெடூ குழு எலிகளில் ஒன்றைக் காட்டியது: ஒரு பய நினைவை எழுப்பினால் அது சில மணி நேரம் இளகிய நிலையில் இருக்கிறது, மறுபடி உறைய மூளை புதுப் புரதம் செய்தாக வேண்டும். அந்த நேரத்தில் தடுத்தால் பயம் மங்குகிறது. இதை வைத்து கனடாவின் மான்ட்ரியலில் மனக்காய நோய் உள்ள 60 பேருக்கு வாரம் ஒருமுறை, ஆறு வாரம், பி.பி.க்குத் தரும் புரோப்ரனலால் கொடுத்துத் தங்கள் கதையைப் படிக்கவைத்தார்கள். 2018-இல் வந்த முடிவில் அவதி குறைந்திருந்தது, நினைவு அழியவில்லை. மற்ற இடங்களில் முடிவுகள் ஒரே மாதிரி வரவில்லை. எம்.டி.எம்.ஏ. என்ற போதைப்பொருளோடு சேர்ந்த சிகிச்சையையும் அமெரிக்க ஆணையம் 2024 ஆகஸ்டில் ஏற்கவில்லை.

மனக்காய நோய்க்குப் பலன் நிரூபணமானது பேச்சுச் சிகிச்சை. உளவியலாளர் எட்னா ஃபோவா வகுத்த முறையில் வாரம் ஒரு அமர்வு, 90 நிமிடம், மொத்தம் 8 முதல் 15. தம்பி கண்ணை மூடி, விபத்தை "இப்போது பிரேக்கை மிதிக்கிறேன்" என்று நிகழ்காலத்தில் சொல்ல வேண்டும், 30–45 நிமிடம், முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. இடையிடையே பயத்துக்கு 0 முதல் 100 வரை எண் கொடுப்பார். பதிவு செய்ததை வீட்டில் தினமும் கேட்பார். கூடவே ஒதுக்கிவைத்ததை நோக்கிப் படிப்படியாகப் போவார்: நிற்கும் லாரியில் உட்காருவது, கிளீனர் இருக்கையில் போவது, விடிகாலையில் காலிச் சாலையில் ஓட்டுவது, கடைசியில் விபத்து நடந்த இடம். பயம் பாதியாகக் குறையும் வரை அங்கிருந்து விலகக் கூடாது.

இங்கேதான் காரியம் கெடுகிறது. பயம் உச்சத்தில் இருக்கும்போது "போதும்" என்று எழுந்தால், தப்பித்ததால்தான் பிழைத்தேன் என்று மூளை கற்றுக்கொள்ளும். விபத்தின் மிக மோசமான நிமிடத்தைச் சொல்லாமல் தாண்டிப் போனாலும் பலன் இராது. வீட்டார் பாசத்தால் அந்தச் சாலையையே தவிர்த்து வேறு வழியில் கூட்டிப் போவதும் நோயை வளர்க்கும். அல்பிரசோலம் இந்த நோய்க்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை, கற்றலையும் தடுக்கிறது. அதற்காகத் திடீரென்று நிறுத்தாதீர்கள், வலிப்பு வரலாம். டாக்டர் மெல்லக் குறைப்பார். மாத்திரை தேவையென்றால், மனச்சோர்வுக்கும் தரப்படும் செர்ட்ராலின் 50 மி.கி.யில் தொடங்கி 200 வரை. தற்கொலை எண்ணம் இருந்தால் அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

கயிறு, கல், பூ வைத்துப் பிள்ளைகளுக்குச் செய்யும் சிகிச்சை பற்றிச் சொல்லுங்கள்.
– ஆசிரியை, மட்டக்களப்பு

ஒரு சம்பவமல்ல, பல கொடுமைகளைக் கண்டவர்களுக்காக ஜெர்மனியின் கொன்ஸ்தான்ஸில் உருவான முறை இது. முதல் அமர்வில் கயிறு பிள்ளையின் வாழ்க்கை. நல்லதற்குப் பூ, கொடியதற்குக் கல், பிறந்ததிலிருந்து வரிசையாக வைப்பார்கள். பிறகு பிள்ளை ஒவ்வொரு கல்லாகக் கதை சொல்ல, ஆலோசகர் எழுதி, அடுத்த அமர்வில் படித்துக் காட்டித் திருத்துவார். முடிவில் அந்தக் கதை பிள்ளையின் கையில் சேரும். சுனாமிக்குப் பின் வடகிழக்கு இலங்கையில் உள்ளூர் ஆலோசகர்களே 31 பிள்ளைகளுக்கு ஆறு அமர்வு நடத்திப் பார்த்தார்கள். ஒரு பாதிக்கு இந்த முறை, மறு பாதிக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். ஆறு மாதத்தில் முறையே 81, 71 சதவீதத்தினர் நோயிலிருந்து மீண்டிருந்தார்கள். இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் எது மேல் என்று சொல்ல முடியாது. பயிற்சி பெற்றவரின் மேற்பார்வை இல்லாமல் வகுப்பறையில் கல்லை எடுக்க வேண்டாம்.

தாத்தாவுக்கு வல்லாரைக் கீரையும் சுடோகுவும் கொடுக்கிறோம். காது மெஷின் போட மட்டும் மறுக்கிறார். பரவாயில்லையா?
– வாசகர், தஞ்சாவூர்

காதுதான் முக்கியம். வல்லாரை கீரையாக நல்லது, டிமென்ஷியாவைத் தடுப்பதாக நிரூபணம் இல்லை. கேள்விக் குறைபாடோ தவிர்க்கக்கூடிய பெரிய காரணங்களில் ஒன்று என 2024 லான்செட் ஆணைய அறிக்கை சொல்கிறது. 977 முதியோரை மூன்றாண்டு பார்த்த அமெரிக்க ஆய்வில், எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் மெஷினால் வித்தியாசம் இல்லை. மறதிநோய் ஆபத்து அதிகமுள்ள பிரிவினரில் மட்டும் அறிவாற்றல் தேய்வு 48 சதவீதம் குறைந்தது. முதலில் காதுக்குறும்பியை எடுத்துப் பாருங்கள், சில நேரம் அதுவே காரணம். மெஷினை முதல் வாரம் வீட்டுக்குள், ஒருவர் மட்டும் பேசும்போது, ஒரு மணி நேரம் போடச் சொல்லுங்கள். பிறகு நேரத்தைக் கூட்டலாம். முதல் நாளே கல்யாண மண்டபத்துக்குப் போட்டுக் கூட்டிப் போனால், இரைச்சல் தாங்காமல் மெஷின் நிரந்தரமாக டிராயருக்குள் போய்விடும்.