லேஅவுட் வருகிறது, பள்ளியில் இடம் இருக்கிறதா?

கேள்வி: கோவை மாவட்டம் க.க.சாவடி பக்கம் எங்கள் ஊராட்சியில் 15 ஏக்கரில் 240 மனைகள் கொண்ட லேஅவுட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் 110 பிள்ளைகள், நான்கே வகுப்பறைகள். பள்ளியில் இடமில்லை என்று சொல்லி அனுமதியை நிறுத்த முடியுமா?

பதில்: அந்த ஒரு காரணத்தால் நிறுத்த முடியாது. பள்ளியின் கொள்ளளவை மனைப்பிரிவு அனுமதிக்கு நிபந்தனையாக்கும் விதி தமிழ்நாட்டில் இல்லை. ஆயினும், 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 49ஆம் பிரிவு, இடத்தின் பொருத்தத்தையும் பகுதியின் எதிர்கால வளர்ச்சியையும் கருத்தில் கொண்டே அனுமதி பற்றி முடிவெடுக்க வேண்டும் என்கிறது. உங்கள் மனு இதைப் பற்றிக்கொண்டு நிற்கட்டும்.

மனுவில் கணக்கு இருக்க வேண்டும். அருகில் குடியேறி முடிந்த ஒரு லேஅவுட்டில் வீடு வீடாகக் கேட்டு, ஐந்து முதல் பத்து வயதுப் பிள்ளைகளை எண்ணுங்கள். வாளையாறு எல்லை தாண்டி, கேரளத்தின் கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும் குடும்பங்களில் சில, பிள்ளைகளைக் கேரளப் பள்ளிகளிலேயே தொடர்ந்து படிக்கவைக்கக்கூடும். அவர்களைத் தனியாகக் குறியுங்கள், இல்லையேல் கணக்கு ஊதிவிடும். பாதி மனைகளில் வீடு எழும்பி, இரண்டு வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று வைத்தால்கூட 60 பேர் சேருவார்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009இன் அட்டவணைப்படி 110 பேருக்கு நான்கு ஆசிரியர்கள் போதும். 170 பேருக்கு ஐந்து ஆசிரியர்களும் தனியே ஒரு தலைமையாசிரியரும், ஆசிரியருக்கு ஓர் அறை வீதம் வகுப்பறைகளும் வேண்டும்.

ஆசிரியர் பணியிடத்தை மாணவர் எண்ணிக்கை உயர்ந்த பிறகு கேட்டுப் பெறலாம். நிலம் அப்படியல்ல, மனைகள் விற்றுத் தீர்ந்தபின் பள்ளிக்கு அருகே ஒரு சென்ட்கூடக் கிடைப்பது அரிது. 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி உள்ளாட்சியின் பொதுப் பயன்பாட்டுக்கு வருவது, சாலை போக மீதிப் பரப்பில் அரை விழுக்காடு. சாலை போக 11 ஏக்கர் என்றால் அது ஐந்தரை சென்ட். இரண்டு வகுப்பறைக்குச் சரியாகப் போகும். மத்திய அரசின் 2014 நகர்ப்புறத் திட்டமிடல் வழிகாட்டுதலோ ஒரு தொடக்கப் பள்ளிக்கு 0.4 ஹெக்டேர், ஏறத்தாழ ஓர் ஏக்கர், கேட்கிறது. லேஅவுட்டில் பூங்காவுக்கு ஒதுக்க வேண்டிய 10 விழுக்காட்டில் கை வைக்கலாம் என்று யாரேனும் யோசனை சொன்னால் ஏற்காதீர்கள். அது திறந்தவெளியாகவே இருக்க வேண்டிய நிலம், அந்தப் பிள்ளைகள் ஓடியாட இருப்பதும் அதுதான்.

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்திலுள்ள மாண்ட்கோமரி கவுண்டியில், மாணவர் எண்ணிக்கை பள்ளியின் கொள்ளளவில் 120 விழுக்காட்டைத் தாண்டினால் புதிய வீட்டுத் திட்டங்களுக்கு அனுமதி நிறுத்தப்பட்டது. 2020இல் அந்தத் தானியங்கித் தடையை நீக்கி, கூடுதல் கட்டணமாக மாற்றினார்கள். நமக்கும் தடையைவிட நிலமும் அறையுமே பயன் தரும் என்பது என் கருத்து.

ஆகவே, பள்ளி மேலாண்மைக் குழுவில் இந்தக் கணக்கைத் தீர்மானமாக்கி, பள்ளி வளர்ச்சித் திட்டத்தில் சேர்க்கச் செய்யுங்கள். அந்தத் திட்டத்தைத் தயாரிப்பது கல்வி உரிமைச் சட்டத்தின் 22ஆம் பிரிவின்படி குழுவின் கடமை. அதே தீர்மானத்தை அடுத்த கிராம சபையிலும் நிறைவேற்றி, நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும் வட்டாரக் கல்வி அலுவலருக்கும் ஒப்புகையுடன் கொடுங்கள். அந்த ஐந்தரை சென்ட் லேஅவுட்டின் மூலையில் ஒதுங்காமல் பள்ளியின் சுற்றுச்சுவரை ஒட்டி அமைய வேண்டும், உரிமையாளர் மனமுவந்து கூடுதலாகத் தந்தால் அதுவும் அங்கேயே வேண்டும் என்று எழுதுங்கள். சாலை, பூங்காவுக்கான தானப்பத்திரம் பதிவாகும் முன்பே இது நடக்க வேண்டும். வரைபடம் இறுதியான பிறகு அந்தப் பொது நிலத்தின் இருப்பிடத்தை மாற்றுவது மிகக் கடினம்.